ஈரத் தோலுக்குத் தரம் கிடையாது

மனிதர்கள் சந்தித்தால் கை கூப்புவார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் கை குலுக்குவார்கள். எங்கள் கிடங்கு நைனா இரண்டும் செய்யமாட்டார். நம் கையைப் பிடித்துக் கவிழ்த்து, புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டு, அது திரும்பிப் போய் உட்காருகிற வேகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் நம் முகத்தைப் பார்ப்பார். சில பேருக்கு அந்த மரியாதையும் கிடைக்காது.

ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது எங்கள் தோல் கிடங்கு. வெளியூர்களில் பதனிட்ட ஆட்டுத் தோல் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதைத் தரம் பிரித்து, மறுபடி கட்டி, சீமைக்குக் கப்பலேற்றுவோம். கப்பல் காகிதங்கள் எழுதுகிற குமாஸ்தா நான். தரம் பிரிப்பவர் நைனா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். முதலாளி முதல் மூட்டை தைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் நைனாதான்.

வாயில் எப்போதும் வெற்றிலை அடைத்திருப்பதால் தரத்தை விரலால்தான் சொல்வார். ஒரு விரல் காட்டினால் முதல் தரம். இரண்டு விரல் இரண்டாம் தரம். உள்ளங்கையை விரித்தால் கழிவு. விரலைக் காட்டியபின் தலை ஒரு தடவை ஆடும். அந்தத் தலையாட்டல்தான் முத்திரை. விரல் தூக்கிவிட்டு யோசித்துக்கொண்டே நிற்பதும் உண்டு என்பதால், தலை ஆடாத வரை யாரும் தோலைத் தொடமாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மனிதர் மலை. ஒன்று, ஈரத் தோலுக்குத் தரம் சொல்லமாட்டார். ஒரு ஐப்பசி மழையில் சரக்கு நனைந்துபோய், கப்பலோ துறைமுகத்தில் நிற்க, முதலாளியே வந்து கெஞ்சினார். நைனா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஈரத்துல எல்லாத் தோலும் நல்லாத்தான் கீது. காயட்டும்" என்றார். காய்கிற வரை எழுந்திருக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

இன்னொன்று, கத்தி பட்ட தோல். உரிக்கிறவன் அவசரத்தில் கத்தியை ஆழமாக விட்டிருந்தால், அந்தத் தோல் பட்டு மாதிரி இருந்தாலும் உள்ளங்கையை விரித்துவிடுவார். சுருக்கம், மடிப்பு, முள் கிழித்து ஆறிய தழும்பு இதையெல்லாம் மன்னித்து ஒன்றோ இரண்டோ காட்டுவார். கத்திக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

ஒரு முறை கப்பல் கம்பெனித் துரை ஒருவர் வந்தார். கை குலுக்க நீட்டினார். நைனா வழக்கம்போல் கையைக் கவிழ்த்துக் கிள்ளிவிட்டு, வெயிலில் வெந்துபோன அந்தச் சிவப்புத் தோலுக்கு இரண்டு விரலைத் தூக்கித் தலையாட்டினார். துரை என்னைப் பார்த்தார். என்ன செய்வேன்? "உங்களை இருமுறை வரவேற்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். துரை மகிழ்ந்துபோய்த் தானும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். நைனா கோபமாகிவிட்டார். "என்னிய செகண்டுன்றான் பாரு" என்று அன்று முழுதும் முனகினார்.

ஆனால் துரை சொன்னதில் தப்பில்லை. நைனாவின் தோல் அப்படி. தாடையிலிருந்து நெஞ்சுக்குழி வரை இரண்டு மடிப்பாகத் தொங்கும். சட்டை போடாத உடம்பில், புஜத்துக்குக் கீழே நனைந்த துண்டைக் கொடியில் போட்டதுபோல் ஆடும். வயிற்று மடிப்பை வேட்டிக்குள் செருகிக்கொள்வார். அறுபதைத் தாண்டியவர் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவருக்குப் பத்துப் பதினொரு வயதில் ஒரு பெண் இருந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கிடங்குக்கு வந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்வதுபோல், இவள் அப்பாவின் கழுத்து மடிப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் பாட்டுக்குத் தோல் பிரித்துக்கொண்டிருப்பார். எங்களுக்குப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

இனி என் பெருமையைச் சொல்லவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நைனா என் கன்னத்தைக் கிள்ளி ஒரு விரல் காட்டினார். ஒன்றே ஒன்று. தலையும் ஆடியது. அந்தக் கிடங்கில் குமாஸ்தாக்களில் முதல் தரம் நான் ஒருவன்தான். அந்த ஒரு விரல் தைரியத்தில்தான், ஆயுத பூஜைக்குக் கிடங்கு முற்றத்தில் நாங்கள் போடும் நாடகத்தில் நாயகி வேஷம் கேட்டேன். கொடுத்தார்கள். வருஷா வருஷம் கொடுத்தார்கள். தலைமைக் குமாஸ்தா எழுதுகிற எல்லா நாடகத்திலும் ஒரு ராணி உண்டு, அந்த ராணி காட்டுக்குத் துரத்தப்படுவாள், துரத்தப்படுவது நான். என் அழுகையைக் கேட்கத் தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வரும்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு ஒன்றரை மாதம். நைனா போகிற போக்கில் என் கன்னத்தைக் கிள்ளினார். தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல் எதுவும் காட்டாமல் போய்விட்டார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முடிவெட்டும் கடைக்குப் போய், முடி வெட்டிக்கொள்ளாமல் அரை மணி நேரம் கண்ணாடியைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, காதோரத்திலிருந்து ஒரு தொங்கல். குனிந்தால் கன்னம் முன்னால் வந்து விழுந்தது. இரண்டு விரலால் மேலே தூக்கினால் ராணி. விட்டால் ராணியின் மாமனார். கடைக்காரர் பின்னால் நின்று, சவரமா என்று கேட்டார். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். அப்புறம் அந்தக் கடைக்குக் கொஞ்ச நாள் போக முடியவில்லை.

வைத்தியம் ஆரம்பித்தேன். முதலில் கடையில் விற்கும் முகப்பூச்சு, வெள்ளை ஸ்நோ. அது கன்னத்தைத் தூக்கவில்லை, வெள்ளையாகத் தொங்கவிட்டது. அடுத்து முட்டை வெள்ளைக்கரு. பூசிக் காய்ந்தால் இழுத்துப் பிடிக்கும். கழுவினால் பழைய குருடி கதவைத் திறடி. படிக்காரம் தேய்த்ததில் எரிச்சல் மட்டும் மிச்சம். கன்னத்தை உப்பி உப்பி விடுவது நல்ல பயிற்சி என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிராம் வண்டியில் செய்துபார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறிக்கொண்டாள்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிழிந்த வேட்டித் துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தேன். தொங்குவதைத் தூக்கிக் கட்டினால் நிற்கும் என்பது என் சித்தாந்தம். அப்படியே தூங்கிவிட்டேன். எந்த ஊரிலும் மனிதனுக்கு அப்படித் தாடைக்கட்டு கட்டுவது ஒரே ஒரு சமயத்தில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்குப் போய்த் திரும்பிய என் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். நான் கண் விழித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ஊர் திருநெல்வேலிக்கு யார் பெயரில் தந்தி அடிப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்தேன். அவர் ஓடிய வேகத்தை அதற்குமுன் அவரிடம் பார்த்ததில்லை.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "இந்த ஒரு அழுகைதான். இனி நிசமாவே போனாலும் நான் அழமாட்டேன், பாத்துக்கிடுங்க."

மறுநாள் வெட்கத்தை விட்டு நைனாவிடமே கேட்டேன், ஏன் விரல் காட்டவில்லை என்று. அவர் ஓர் ஆட்டுத் தோலை மேஜையில் விரித்தார். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிறு ரொம்பி ரொம்பிக் காலியாவதால் தளர்ச்சி, நாளெல்லாம் குனிந்து மேய்வதால் கழுத்தில் மடிப்பு என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். அப்புறம் என் முகத்துக்கு வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார் என்றால் விஷயம் பெரிது.

"கடவாப் பல்லு எத்தினி புடுங்கின?"

அந்த வருஷம் மூன்று என்றேன். இடுப்பு மெலிய வேண்டுமென்று ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தேன். அதையும் கேட்டு வாங்கினார். கப்பல் மேடையில் தலைக்குத் துணி இல்லாமல் ஆறு வருஷமாக வெயிலில் நிற்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

"கூடாரத்துக்குக் கீற கழிய நீயே உருவிட்ட. இப்ப துணி தொங்குதுன்னு அழுவுற. பல்லு கட்டிக்க. நல்லாத் துன்னு. தலைக்குத் துணி போடு. மிச்சம் வயசு, அத்த வுட்டுடு வாத்யாரே."

எனக்கு அது வைத்தியமாகவே படவில்லை. சண்டையில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குத் தைத்துப் பழகிய டாக்டர் ஒருவர் பட்டணத்தில் இருக்கிறார், காதோரம் கிழித்து, தோலை இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுத் தைப்பார், அவரிடம் பூஜை கழித்து வரச்சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். நைனா மேஜையில் இருந்த தோலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூஜைக்கு ஐந்து நாள் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஞானோதயம் ஆனது.

கிடங்குக்குப் பின்னால் ஒரு தொட்டி உண்டு. சரியாகப் பதப்படாமல் வந்த தோல்களை அதில் மறுபடி ஊறப்போடுவோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீர். தொளதொளவென்று உள்ளே போகிற தோல் விறைப்பாக வெளியே வரும். ஆறு வருஷமாக ஒவ்வொரு கப்பல் காகிதத்திலும் 'ஆவாரம்பட்டையில் பதனிட்டது' என்று என் கையால் எழுதியவன் நான். ஆட்டுக்குப் பலிக்கிறது, குமாஸ்தாவுக்குப் பலிக்காதா? ஸ்நோவுக்கும் முட்டைக்கும் அலைந்தேனே, மருந்தை வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டு.

சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போனபின் ஒரு துண்டைத் தொட்டியில் முக்கி முகத்தில் போட்டுக்கொண்டு, தோல் கட்டு ஒன்றின்மேல் படுத்தேன். துண்டு காயக் காய மறுபடி முக்கினேன். இரண்டு மணி நேரம் கழித்து உடைந்த கண்ணாடியில் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயது இருபத்தெட்டு. தாடை கத்தி மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை. உதடு அசையவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், நெற்றியிலிருந்து கழுத்து வரை புதுச் செருப்பின் நிறம் வந்துவிட்டது.

என் மனைவி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை. "எந்தக் கப்பல்ல ஏத்தப் போறாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு முழுதும் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நிறம் போகவில்லை, வாயோரம் வெடித்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை ஒத்திகை. ராணி, கைவிட்டுப்போன கணவனை "பிராணநாதா" என்று கதறி அழைக்க வேண்டும். எனக்கு 'ப்ர்ண்த்' என்று வந்தது. தலைமைக் குமாஸ்தா கையிலிருந்த நாடகக் காகிதத்தை மடித்து வைத்தார். புதிதாகச் சேர்ந்திருந்த டைப்பிஸ்ட், இருபத்திரண்டு வயது, கன்னம் மாங்காய் மாதிரி, என் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓரமாக நின்று அடக்கமாக இருமினான். அந்த இருமலைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. புதன்கிழமை காலையில் முடிவு சொல்வதாகத் தலைமைக் குமாஸ்தா சொன்னார். ஆறு வருஷத்து ராணி நான், பேசாமல் போய்த் தோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

நைனா அங்கே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். பேச முடியாமல் தொட்டியைக் கையால் காட்டினேன். வெற்றிலைச் சாறு பீறிட்டுச் சுவரில் தெறிக்கிற அளவுக்குச் சிரித்தார். வயிற்று மடிப்பு வேட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. சிரித்து முடித்து என் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"வாத்யாரே, அந்தத் தொட்டில எறங்குறதுக்கு மின்னாடி ஒரு வேலை கீது. செத்துருக்கணும். உசுரோட கீறவனுக்கு அது சரிப்படாது."

அன்றும் மறுநாளும் அவர்தான் எனக்கு வைத்தியர். வடிகஞ்சியால் கழுவுவார், நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்ப்பார், மறுபடி கஞ்சி, மறுபடி எண்ணெய். பதனிட்ட தோல் வெடிக்காமல் இருக்க எண்ணெய் காட்டுகிற அதே கை. கட்டைவிரல் காதிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும், திரும்ப ஏறும். அப்படித் தேய்த்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரண்டு ஆள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவாராம். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரையும்போல் நடந்தே கிளம்பியிருக்கிறார், பெண்டாட்டியும் மூன்று வயதுப் பெண்ணுமாக. காட்டில் பெண்டாட்டிக்குப் பேதி கண்டது. இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கிடைத்த அரிசியைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நடந்தார்.

"மொதல்ல தலமயிரப் புட்ச்சிக்கினு வந்தா. ஜொரத்துல மயிரு கொட்டிப் பூட்ச்சி. அப்பால கழுத்தப் புடிச்சா. நான் எளைக்க எளைக்கத் தோலு லூசாவுது. லூசாவ லூசாவ அவளுக்கு நல்லாப் புடி கெட்ச்சுது. ஒரு தபா கூட வுழுவல."

விரல் என் கன்னத்தில் நின்றது.

"இங்க வந்தப்பறம் ஒரு டாக்டரு பாத்தாரு. தொங்குறத வெட்டித் தச்சுடலாம், ஒடம்பு அழகா ஆயிடும்னாரு. சரின்னு போயி மேஜைல படுத்துட்டன். வெட்றத இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டன். தூக்கிப் போட்டுடுவோம்னாரு. எழுந்து வந்துட்டன்."

அப்புறம், ஏதோ நியாயம் சொல்ல வேண்டும்போல், "இன்னிக்கும் இத்தப் புடிச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வருது" என்றார். அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

புதன்கிழமை காலை, கிடங்கில் எல்லாரும் தராசுக்கும் தையல் ஊசிகளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பூஜை. தலைமைக் குமாஸ்தா என்னையும் டைப்பிஸ்டையும் அருகருகே நிறுத்தினார். வாய் திறந்துவிட்டது. நிறம் முக்கால் போய்விட்டது. தொங்கல் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. அவருக்குத் தயக்கம். தோல் சம்பந்தமான தகராறு எதுவானாலும் அந்தக் கிடங்கில் தீர்ப்புச் சொல்லும் விரல் ஒன்றுதான். நைனாவைக் கூப்பிட்டார்.

நைனா முதலில் டைப்பிஸ்டைக் கிள்ளினார். ஒரு விரல் எழுந்தது. தலை ஆடியது. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் என்னிடம் வந்தார். என் கன்னத்தைத் தொட்டு, எண்ணெய் பளபளத்த விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஈரமா கீது. ஈரத்துக்குத் தரம் கெடையாது. காயட்டும், மேடைல பாத்துட்டு சொல்றன்."

காய்வதற்கு முன்னால் பூஜை வந்துவிடுமே என்றார் தலைமைக் குமாஸ்தா. கப்பலையே போகவிட்ட மனிதர் இதற்கா மசிவார்? கவிழ்த்த வாளியில் போய் உட்கார்ந்துவிட்டார். தரம் தெரியாத சரக்கை ஒதுக்கவும் முடியாது என்பது கிடங்கு வழக்கம். ராணி நானே ஆனேன். டைப்பிஸ்டுக்குத் தோழி வேஷம். அவனுக்கு இரண்டே வசனம், இரண்டும் என்னைப் புகழ்வது.

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றி நாடகம் தொடங்கியது. முன் வரிசையில் பாயில் நைனா உட்கார்ந்திருந்தார், பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு. நான் ராஜாவைப் பார்த்துப் பேசவேண்டிய வசனத்தையெல்லாம் அவரைப் பார்த்தே பேசினேன். காட்சிக்குக் காட்சி பார்த்தேன். அவர் விரல் எழவில்லை. மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

காட்டுக் காட்சி வந்தது. ராணி தரையில் விழுந்து அழவேண்டும். குனிந்தேன். கன்னம், பவுடரும் கண்ணீருமாக, அது பாட்டுக்கு முன்னால் வந்து தொங்கியது. மற்ற வருஷங்களில் அழகாக அழுதவன், அந்த வருஷம் தொங்கத் தொங்க அழுதேன். கூட்டத்தில் ஒருத்தி, "பாவம், எத்தினி நாளு பட்னியோ" என்றாள். முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நாடகம் போட்ட இத்தனை வருஷத்தில் வசனம் பேசாமலே ஜனங்களை அழவைத்தது அந்த ஒருமுறைதான். டாக்டர் கொடுத்த சீட்டு அப்போது ரவிக்கைக்குள் இருந்தது, இடது பக்கம் எடுப்பாகத் தெரிவதற்காகத் துணியோடு திணித்து வைத்திருந்தேன். வியர்வையில் கூழாகி அங்கேயே அதன் ஆயுள் முடிந்தது.

தலையைத் தூக்கி நைனாவைப் பார்த்தேன். பெண் தூங்கிவிட்டிருந்தாள். அவளுடைய இரண்டு விரலும் அவர் கழுத்து மடிப்பை இறுகப் பிடித்திருந்தன. நைனா அவளைப் பிடிக்காத கையை மெதுவாக விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

தலை ஆடவில்லை. ஆடியிருந்தால் அவள் பிடி நழுவியிருக்கும். அந்த ஒரு முறை, தலையாட்டல் இல்லாமலே வாங்கிக்கொண்டேன்.